எலிக்குப் பிரஷர் மாத்திரை கொடுத்தால் ரத்த ஓட்டம் என்ன ஆகும்?

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து பி.ஃபார்ம் கடைசி வருஷம் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருந்தார். ஆய்வகத்தில் எலிக்கும் நாய்க்கும் பிரஷர் மருந்து கொடுத்துப் பார்க்கிறார்களே, பிரஷர் இறங்கினால் உறுப்புகளுக்குப் போகிற ரத்தமும் குறைந்துதானே போகும், அது எப்படி நல்லதாகும்? எலியில் பார்த்ததை மனுஷனுக்கு எவ்வளவு தூரம் நம்பலாம்? அப்புறம், அப்பா அம்லோடிபின் சாப்பிட ஆரம்பித்ததிலிருந்து சாயங்காலமானால் இரண்டு காலும் வீங்குகிறது, அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா? ஒரே மூச்சில் மூன்று கேள்வி. மருந்தியல் துறையில் இருபது வருஷத்துக்கு மேல் எலிகளோடு குப்பை கொட்டியவன் என்பதால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகவே போகும்.

முதல் கேள்விக்குப் பதில்: குறையலாம், கூடலாம், அப்படியே இருக்கலாம். மழுப்பவில்லை தம்பி, எந்த மருந்து, எந்த உறுப்பு, எந்த எலி என்பதைப் பொறுத்து மூன்றுமே நடக்கிறது.

மேட்டூரில் மட்டம் எத்தனை அடி என்று காலையில் பேப்பரில் பார்க்கிறோம். 120 அடி என்றால் டெல்டா முழுக்க ஒரு நிம்மதி. ஆனால் தலைஞாயிறு பக்கம் கடைமடையில் நாற்றங்கால் போட்டவருக்கு அந்த எண்ணால் என்ன பிரயோஜனம், அவர் வாய்க்காலில் தண்ணீர் வந்ததா என்பதுதான் அவருக்குக் கணக்கு. கையில் பட்டை கட்டி நாம் பார்க்கிற பிரஷரும் அணையின் மட்டம் மாதிரிதான். (நமக்கு மேல் எண் 120, நோயில்லாத எலிக்கும் கிட்டத்தட்ட 120தான். மேட்டூரும் 120 என்பது தற்செயல், இதில் தத்துவம் தேட வேண்டாம்.) இதயம் நிமிஷத்துக்கு எவ்வளவு ரத்தம் தள்ளுகிறது, வழியில் எவ்வளவு தடை இருக்கிறது, இரண்டையும் பெருக்கினால் வருவது பிரஷர். அந்தத் தடையில் பெரும்பங்கு பெரிய தமனிகளில் இல்லை, முடியின் கனத்தில் இருக்கும் சிறுதமனிகளில் இருக்கிறது. அவற்றின் சுவரைச் சுற்றியிருக்கும் தசைதான் மதகு ஷட்டர். ஒரு குழாயின் ஆரம் பாதியாகச் சுருங்கினால் ஓட்டம் பாதியாகாது, பதினாறில் ஒரு பங்காகிவிடும். திருப்பிப் போட்டால், ஷட்டரை ஒரு சாண் தூக்கினாலே பின்னால் தேங்கி நின்ற அழுத்தமும் இறங்கும், கீழே ஓட்டமும் பிடிக்கும். ஹைட்ரலசின், அம்லோடிபின், மினாக்ஸிடில் எல்லாம் ஷட்டரைத் தூக்குகிற ஆட்கள். ப்ரோப்ரனலால், அட்டனலால் மாதிரி பீட்டா பிளாக்கர்கள் அணையிலேயே திறப்பைக் குறைக்கின்றன, அதாவது இதயத்தின் வேகத்தையும் உதைப்பையும். சிறுநீரை அதிகம் போகவைக்கிற மாத்திரைகள் முதலில் மொத்தத் தண்ணீரையே குறைக்கும், வாரங்கள் போகப் போக தடையும் தளர்ந்துவிடும்.

சரி, ஓட்டத்தை எப்படி அளந்தார்கள்? பிரஷரை அளந்த கதை பழசு. ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் ஒரு குதிரையின் தமனியில் பித்தளைக் குழாயைச் சொருகி, அதோடு நீளமான கண்ணாடிக் குழாயை நட்டு, ரத்தம் எட்டடி மூன்றங்குலம் ஏறியதைப் பார்த்து 1733-இல் எழுதி வைத்தார். உறுப்பு உறுப்பாக ஓட்டத்தைப் பார்ப்பதற்குப் பிற்பாடு வந்த ஒரு வழி எனக்கு எப்போதும் பிடிக்கும். 15 மைக்ரான் அளவுள்ள குட்டி மணிகள், அவற்றில் அடையாளத்துக்குக் கொஞ்சம் கதிரியக்கம் அல்லது நிறம். இதயத்தின் இடப்பக்கம் செலுத்தினால் ரத்தத்தோடு கலந்து ஓடி, எந்த உறுப்புக்கு ரத்தம் எவ்வளவு போகிறதோ அந்த விகிதத்திலேயே அங்கங்கே போய், நுண்குழாய்க்குள் நுழைய முடியாமல் சிக்கிக்கொள்ளும். பிறகு மூளை எவ்வளவு, சிறுநீரகம் எவ்வளவு, தொடைத்தசை எவ்வளவு என்று எண்ணிவிடலாம். வாய்க்கால் தலைப்பில் வைக்கோல் துணுக்குகளைத் தூவிவிட்டு எந்த வயலில் எத்தனை ஒதுங்கியது என்று பார்க்கிற மாதிரி.

இப்படி எண்ணிப் பார்த்தால் மருந்துக்கு மருந்து பங்கீடு வேறு. மினாக்ஸிடில் தோல், தசை, குடல், இதயம் இவற்றுக்கு ஓட்டத்தைத் தாராளமாகக் கூட்டுகிறது, மூளைக்கு அந்த அளவுக்கு இல்லை. (தலையில் முடி முளைக்கத் தடவுகிறார்களே, அதே மினாக்ஸிடில்தான்.) ஆனால் பிரஷர் சட்டென்று இறங்கினால் கழுத்துத் தமனியில் இருக்கும் காவல்காரர்கள், அதாவது அழுத்தத்தை உணரும் நரம்பு நுனிகள், சும்மா இருப்பார்களா, இதயத்தைத் தட்டி ஓடச் சொல்வார்கள். நாய்களுக்கு இந்த மருந்தைக் கொடுத்தபோது மட்டம் இறங்கியது, இதயம் எகிறியது, இடது கீழறையின் உள்பக்கத்துத் தசையில் புண் வந்தது, வலது மேலறையில் ரத்தக் கசிவும் இருந்தது. இடது கீழறையின் உள்சுவருக்கு ரத்தம் கிடைப்பதே இரண்டு துடிப்புக்கு நடுவில் இதயம் தளர்கிற நேரத்தில்தான். துடிப்பு வேகமானால் அந்த நேரம் சுருங்கும், பிரஷரும் குறைவென்றால் தள்ளிவிட ஆளில்லை, கேட்கிற தேவையோ கூடியிருக்கிறது. மொத்தமாகப் பார்த்தால் இதயத்துக்கு ஓட்டம் கூடியிருக்கும், ஆனாலும் அதன் உள்சுவர் காய்ந்துவிடும், கரை நிறையத் தண்ணீர் ஓடும் ஆற்றுக்குப் பக்கத்திலேயே மேட்டு வயல் வெடிப்பு விட்டுக் கிடப்பதை நாம் பார்த்ததில்லையா? மனிதர்களிடம் அதே புண் நிலைநாட்டப்படவில்லை, நாயின் இதயம் இந்த விஷயத்தில் ரொம்பத் தொட்டாற்சிணுங்கி. ஆனாலும் மினாக்ஸிடில் மாத்திரையைத் தனியாகக் கொடுக்காமல் பீட்டா பிளாக்கரும் சிறுநீர் மாத்திரையும் கூடச் சேர்த்துக் கொடுக்கிற வழக்கத்துக்குப் பின்னால் இருப்பது இந்த எகிறல்தான்.

உங்கள் கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிற பரிசோதனை ஒன்று உண்டு. ஆண்டர்சன், ரென்கே, பிரென்னர் மூவரும் 1986-இல் வெளியிட்டது. எலியின் வலது சிறுநீரகத்தை எடுத்துவிட்டு, இடதுக்குப் போகும் தமனிக் கிளைகளில் சிலவற்றைக் கட்டி அதிலும் மூன்றில் இரண்டு பங்கைச் சாகடித்தார்கள். ஆறு பங்கு வேலையை ஒரு பங்கு செய்ய வேண்டும். பிரஷர் ஏறும், சிறுநீரில் புரதம் போகும், மிச்சமிருக்கிற சிறுநீரகமும் தழும்பேறி நாசமாகும். இதில் ஒரு கூட்டத்துக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. இன்னொரு கூட்டத்துக்கு ரெசர்பின், ஹைட்ரலசின், சிறுநீர் மாத்திரையான ஹைட்ரோகுளோரோதையசைடு என்று மூன்று மருந்து. மூன்றாவது கூட்டத்துக்கு எனாலாப்ரில். (ரெசர்பின் நம் ஊர் சர்ப்பகந்தா வேரிலிருந்து வந்தது. மும்பையில் ருஸ்தம் ஜால் வக்கீல் அந்த வேரைப் பிரஷருக்குக் கொடுத்து 1949-இல் எழுதிய பிறகுதான் வெளிநாட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள், மருந்து பிரித்தெடுக்கப்பட்டது 1952-இல். நரம்பு நுனியில் சேமித்து வைத்திருக்கும் நார்அட்ரினலினைக் காலி செய்துவிடும்.)

மருந்து கொடுத்த இரண்டு கூட்டத்திலும் பிரஷர் ஒரே அளவுக்கு இறங்கியது. அணை மட்டம் மட்டும் பார்க்கிறவர் இரண்டும் ஒன்று என்று எழுதிவிட்டுப் போயிருப்பார். ஆனால் எனாலாப்ரில் எலிகளின் சிறுநீரகம் பெரிதும் தப்பித்தது, மூன்று மருந்து சாப்பிட்ட எலிகளின் சிறுநீரகம் கெட்டுக்கொண்டே போனது. காரணத்தைக் கண்ணாடி ஊசியை வைத்தே பார்த்தார்கள். மியூனிக் விஸ்டார் என்று ஒரு எலி இனம், வடிகட்டும் முடிச்சுகள் சில அதன் சிறுநீரகத்தின் மேற்பரப்பிலேயே தெரியும், நுண்ணோக்கியின் கீழ் முடியினும் மெல்லிய ஊசியை உள்ளே செலுத்தி அங்கிருக்கும் அழுத்தத்தையே அளக்கலாம். மற்ற உறுப்புகளில் நுண்குழாய்க்கு முன்னால் மட்டும்தான் மதகு. இந்த முடிச்சில் மட்டும் உள்ளே வர ஒன்று, வெளியே போக ஒன்று. ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோன் வெளியே போகும் மதகைத்தான் அதிகம் இறுக்கும். எனாலாப்ரில் அந்த ஹார்மோன் உண்டாவதையே தடுக்கிறது, வெளிமதகு தளர்கிறது, முடிச்சுக்குள் அழுத்தம் இறங்குகிறது. மூன்று மருந்து எலிகளில் வெளியே மட்டம் இறங்கியும் முடிச்சுக்குள் அழுத்தம் அப்படியே நின்றது. சர்க்கரை நோயாளிகளின் சிறுநீரகத்துக்கு எனாலாப்ரில் ரகத்தைச் சேர்ந்த கேப்டோப்ரில் பாதுகாப்பு தருகிறது என்று மனிதர்களிடம் உறுதியானது 1993-இல்தான். அதற்கு வழிகாட்டியவற்றில் இந்த எலிகளுக்கு முக்கிய இடம் உண்டு.

அதே எனாலாப்ரில் இன்னொரு எலியின் சிறுநீரகத்துக்கு எமன். ஹாரி கோல்ட்பிளாட் 1934-இல் நாய்களின் சிறுநீரகத் தமனியை இடுக்கியால் நெருக்கி, பிரஷர் ஏறி நிலைப்பதைக் காட்டினார். அதே வேலையை எலியில் ஒரு சிறுநீரகத்துக்கு மட்டும் குட்டி வெள்ளிக் கிளிப் போட்டுச் செய்வார்கள். கிளிப் போட்ட பக்கம் வரத்து குறைவு, அந்தச் சிறுநீரகம் வெளிமதகை இறுக்கி வைத்துக்கொண்டுதான் எப்படியோ வடிகட்டிக்கொண்டிருக்கிறது. அங்கே போய் எனாலாப்ரில் கொடுத்தால் வெளிமதகும் திறந்துவிடும், வடிகட்டல் படுத்துவிடும். இந்த ரக மாத்திரை தொடங்கிய ஒன்றிரண்டு வாரத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வடிகட்டுகிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) பாருங்கள் என்று டாக்டர் எழுதித் தருவது வசூலுக்காக இல்லை, இரண்டு சிறுநீரகத்துக்கும் தமனி அடைப்பு இருந்து நமக்குத் தெரியாமல் போயிருக்குமோ என்ற பயத்தில்.

மூளை விஷயம் கொஞ்சம் வேறு. மூளையும் சிறுநீரகமும் சொந்தமாக லஸ்கர், அதாவது மதகைத் திறந்து மூடும் ஆள், வைத்திருக்கும் ஊர்கள். மேலே மட்டம் ஏறினாலும் இறங்கினாலும் ஒரு எல்லைக்குள் தங்கள் ஷட்டரைத் தாங்களே ஏற்றி இறக்கி ஓட்டத்தை ஒரே சீராக வைத்துக்கொள்ளும். பிரஷர் இறங்கினால் ஓட்டமும் குறையும் என்ற உங்கள் கணக்கு இடறுகிற இடம் இது. ஆனால் கியோட்டோவில் ஒகமோட்டோவும் அவோகியும் 1963-இல் உருவாக்கிய, பிறவியிலேயே பிரஷர் ஏறும் எலி இனத்தைப் பாருங்கள், வளர்ந்த எலிக்கு மேல் எண் 180, 200 என்று போகும். அதன் மூளை அந்த உயரத்துக்குப் பழகிப்போயிருக்கும், அந்த எல்லையே மேலே நகர்ந்திருக்கும். ஆரோக்கியமான எலிக்கு ஒத்துக்கொள்கிற ஒரு அளவுக்கு இதைச் சட்டென்று இறக்கினால் மூளைக்கு ஓட்டம் குறைந்துவிடும். வாரக்கணக்கில் மெல்ல இறக்கினால் எல்லையும் கூடவே கீழே வரும். ஒரு காலத்தில் பிரஷர் எகிறி வந்தவர்களுக்கு நிஃபெடிபின் குப்பியை உடைத்து நாக்குக்கு அடியில் விடுவார்கள், பக்கவாதமும் மாரடைப்பும் வருவதைப் பார்த்துக் கைவிட்டார்கள். அவசரப்பட்டு இறக்கக் கூடாது என்பதை எலி முன்கூட்டியே சொல்லிக்கொண்டுதான் இருந்தது.

எந்த எலியில் பார்த்தார்கள் என்று கேட்காமல் எந்த முடிவையும் நம்பாதீர்கள். ஒரு சிறுநீரகத்தை எடுத்து, உப்புத் தண்ணீர் குடிக்கக் கொடுத்து, உப்பைப் பிடித்து வைக்கும் டோக்கா (DOCA) என்ற ஹார்மோனும் கொடுத்து பிரஷர் ஏற்றுகிற எலியில் ரெனின், அதாவது ஆஞ்சியோடென்சின் உண்டாவதைத் தொடங்கிவைக்கும் சிறுநீரக நொதி, அடிமட்டத்தில் கிடக்கும். அதற்கு எனாலாப்ரில் கொடுத்தால் பெரிதாக அசையாது. மருந்து மோசம் என்றா அர்த்தம்? ரெனினையே தடுக்கும் அலிஸ்கிரென் என்ற மருந்தின் கதை இன்னும் வேடிக்கை, அது மனித ரெனினுக்கு அச்சடித்த சாவி, எலியின் ரெனினில் சரியாகப் பொருந்தாது. அதனால் மார்மசெட் குரங்கிலும், மனிதனின் ரெனின் மரபணுவைப் புகுத்திய எலியிலும் வைத்துத்தான் சோதித்தார்கள். டோஸ் விஷயத்திலும் அப்படித்தான், எலிக்குக் கிலோவுக்கு 10 மில்லிகிராம் என்று படித்தால் மனிதனுக்கும் அதே கணக்கைப் போட்டுவிடாதீர்கள். உடல் பரப்பை வைத்து 6.2-ஆல் வகுத்தால் கிலோவுக்கு 1.6 சொச்சம்தான் வரும். மூலிகைக் கஷாயத்தை எலிக்குக் கொடுத்து பிரஷர் இறங்கியது என்று வரும் செய்திகளில் பாதிக்கு இந்த வகுத்தலைச் செய்து பார்த்தால் ஒரு ஆள் படி கணக்கில் குடிக்க வேண்டியிருக்கும்.

மயக்க மருந்தும் ஏமாற்றும். நான் படித்த காலத்தில் நாயை மயக்கத்தில் கிடத்தி, கழுத்துத் தமனியில் குழாய் போட்டு, புகைக்கரி படியவைத்த காகிதம் சுற்றிய உருளையில் கோடு கீறவைப்போம். கரியில் வெள்ளைக் கோடு, அதை அரக்குக் கரைசலில் முக்கிக் காயவைத்தால்தான் நிற்கும், சட்டையெல்லாம் கரி. கோடு அழகாக இறங்கும். ஆனால் மயக்கத்தில் இருக்கிற விலங்குக்கு அந்தக் கழுத்துக் காவல்காரர்கள் பாதித் தூக்கத்தில், இதயம் எகிற வேண்டிய இடத்தில் எகிறாது, விழித்திருக்கும் விலங்கில் மருந்து வேறு முகத்தைக் காட்டும். இப்போது வயிற்றுக்குள் சின்னக் கருவியை வைத்துத் தைத்துவிட்டால் எலி கூண்டில் திரிந்துகொண்டிருக்கும்போதே ராத்திரி பகலாக அளவு வரும். விலை கேட்டால் நமக்குத்தான் பிரஷர் ஏறும்.

அதனால் நம் ஊர்களில் பெரும்பாலும் வாலில் பட்டை மாட்டித்தான் அளக்கிறோம். எலியை ஒரு குழாய்க்குள் விட்டு, வாலை மட்டும் வெளியே இழுத்து, பட்டையை மாட்டி ஊதினால் வால்தமனியின் துடிப்பு நின்றுவிடும், காற்றை மெல்ல விடும்போது துடிப்பு திரும்புகிற இடம்தான் மேல் எண். சொல்லச் சுலபம். நாங்கள் ஒரு மார்கழியில் ஒரு செடிச்சாறைச் சோதித்தோம். முதல் நாள் பாதி எலிக்குத் துடிப்பே கிடைக்கவில்லை, வால் ஐஸ் மாதிரி இருந்தது. எலிக்கு உடம்புச் சூட்டை வெளியே விடுகிற ஜன்னலே வால்தான், குளிர்ந்தால் அந்தத் தமனியை மூடிக்கொண்டுவிடும். பல்பு போட்ட பெட்டியில் பத்துப் பதினைந்து நிமிஷம் வைத்தோம், வால் இளஞ்சிவப்பாக மாறியதும் கோடு துள்ள ஆரம்பித்தது. இரண்டாவது வாரம் பார்த்தால் சாறு கொடுத்த எலிகளுக்கு பிரஷர் நன்றாக இறங்கியிருந்தது. எங்களுக்கு ஒரே குதூகலம், ஒரு பையன் டீயும் சமோசாவும் வாங்கி வந்துவிட்டான். அப்புறம்தான் வெறும் தண்ணீர் கொடுத்த கூட்டத்தின் தாளைப் புரட்டினேன், அதற்கும் கிட்டத்தட்ட அதே அளவு இறங்கியிருந்தது! முதல் வாரம் எலிகளுக்குக் குழாயும் புதுசு, எங்கள் கையும் புதுசு, பயத்தில் ஏறியிருந்த பிரஷர் பழகப் பழக இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான். ஒரு மாச உழைப்பும் அத்தனை எலிகளும் வீண். 250 கிராம் எலியின் உடம்பில் மொத்த ரத்தமே பதினாறு மில்லிதான் இருக்கும், மூன்று தேக்கரண்டி. அதை வைத்துக்கொண்டு வாழ்கிற ஜீவனை நம் அவசரத்துக்குப் பலி கொடுத்துவிட்டோமே என்று அன்றைக்கு மனசு கேட்கவில்லை. நெறிமுறைக் குழுவுக்கு எழுதும்போது எத்தனை எலி, ஏன் என்று கேட்பதைத் தொல்லை என்று நினைப்பதை அதோடு விட்டேன்.

இனி உங்கள் அப்பா. அம்லோடிபின் சிறுதமனிகளின் ஷட்டரைத் தூக்குகிறது, சிரைகளை அந்த அளவுக்குத் தொடுவதில்லை. அதாவது வரத்து வாய்க்காலைத் திறந்துவிட்டு வடிகாலை அப்படியே விட்டுவிட்டோம். நுண்குழாய்க்குள் அழுத்தம் கூடி, தண்ணீர் கசிந்து திசுவில் தேங்குகிறது, நாள் முழுக்க நிற்கிறவருக்கு அது கணுக்காலில் போய்ச் சேரும், ராத்திரி கால் நீட்டிப் படுத்தால் காலையில் வடிந்திருக்கும். ஐப்பசி மழையில் வடிகால் தூர்ந்த வயலில் சம்பாப் பயிர் முழுகி நிற்பதை மன்னார்குடிக்காரருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. உடம்பில் உப்புச் சேர்ந்து வந்த வீக்கம் இல்லை என்பதால் சிறுநீர் மாத்திரையைக் கூட்டினால் பெரிதாக வடியாது. டோஸைக் குறைப்பது, அல்லது எனாலாப்ரில், லோசார்டன் போன்ற ஒன்றைக் கூடச் சேர்ப்பது பல பேருக்கு உதவுகிறது, ஏனென்றால் அவை சிரைப் பக்கத்தையும் தளர்த்திவிடும், வடிகால் திறந்த மாதிரி. எதைச் செய்வது என்பது அவருடைய டாக்டர் முடிவு. ஒரு கால் மட்டும் வீங்கினால், வலித்தால், மூச்சு வாங்கினால், முகமும் சேர்ந்து உப்பினால் இந்த விளக்கமெல்லாம் செல்லாது, உடனே கூட்டிப்போய்க் காட்டுங்கள். வீக்கத்தைப் பார்த்துவிட்டு மாத்திரையை அவராகவே நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு, நம் பெரியவர்கள் அதைத்தான் முதலில் செய்வார்கள்.

கடைசி வருஷ ப்ராஜெக்டுக்கு நீங்களும் எலி வாலைப் பிடிக்கப் போகிறீர்கள் என்றால், மருந்தைத் தொடுவதற்கு முன்னால் ஒரு வாரம் தினமும் எலிகளைக் குழாய்க்குள் விட்டு எடுங்கள், அளவே எழுத வேண்டாம். வாலைத் தொட்டுப் பாருங்கள், வெதுவெதுப்பாக இருந்தால் ஆரம்பிக்கலாம்.